கழற்றி வைத்த கடிகாரம்

நம் இதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். "உலகத்தைப் பற்றிய கதைகளை, அறியும் ஆர்வம் உள்ளவர்கள் கீழே வைக்காமல் படிப்பது எதனால்? உங்கள் பணி அனுபவத்திலிருந்து சொல்லுங்கள் ஐயா" என்று கடிதம். கூடவே, நீங்கள் போன மாதம் சித்தேரி மலைப்பக்கம் போய் எடுத்த வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தீர்கள். "நேரமே தெரியாத அதிசய கிராமம்" என்று தலைப்பு. "ஐயாவின் பழைய கட்டுரையைப் படித்துத்தான் இந்த யோசனை வந்தது" என்று கீழே ஒரு குறிப்பு.

மூன்று முறை பார்த்தேன். முதல் முறை கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது முறை பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது முறைதான் சுவரைக் கவனித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கட்டுரை உங்களுக்கு உபயோகப்படாது என்று தோன்றினால் தூக்கிப் போடுங்கள். ஆனால் அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவன் தன் தவறைச் சொல்லியிருக்கிறான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில். அது என்னுடையதல்ல. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் இதழில் செய்திகளைத் திருத்தும் மேசையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். எந்தச் செய்தியையும் நின்றுகொண்டே படிப்பார். உட்கார்ந்து படித்தால் எழுதினவன் மேல் இரக்கம் வந்துவிடும் என்பார். சேர்ந்த மூன்றாவது மாதம், நல்லம்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றில் வேப்பமரத்தில் பால் வடிகிறது, கூட்டம் கூடுகிறது என்று ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். நின்றபடி படித்தார். காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படிக்கறவன் மொதல்ல என்னா சொல்லுவான்?"

"அப்படியான்னு கேப்பாங்க சார்."

"கேட்டுட்டு?"

நான் காகிதத்தைப் புரட்டினேன்.

"கேட்டுட்டு டீயக் குடிச்சுட்டுப் போயிடுவான். நல்ல வாசகன் இன்னொண்ணு கேப்பான். அதெப்படின்னு கேப்பான். அவனுக்கு இதுல என்னா வெச்சிருக்க? ஒண்ணுமில்ல. போ, மறுபடியும் பஸ் ஏறு."

எரிச்சலோடு போனேன். மரத்தின் எந்தப் பக்கம் வடிகிறது, என்றைக்குத் தொடங்கியது, யார் முதலில் பார்த்தது, யார் குடித்துப் பார்த்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். மரத்துக்குப் பின்னால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வேரை வெட்டியிருந்தார்கள். காயம்பட்ட மரம் நீரைக் கக்குகிறது என்று ஒரு விவசாய அலுவலர் விளக்கினார். அந்த நிழலில் தினமும் ஆடு கட்டுகிற பெண் ஒருத்தி, "சாமி வந்துச்சோ இல்லியோ, எங்க ஆடு வெயில்ல நிக்குது" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சேர்த்து எழுதினேன். அற்புதம் குறைந்துபோனதே என்று யாரும் வருத்தப்படவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் என்னை மறித்து, "அப்பறம் அந்த மரம் என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். 'அப்படியா' என்பதோடு நின்றுவிடும் கதை வேடிக்கை. 'அதெப்படி' என்பதற்கு இடம் கொடுக்கும் கதைதான் ஆர்வமுள்ளவனைப் பிடித்து உட்கார வைக்கும். உலகம் எப்படி இயங்குகிறது என்று அறிந்துகொள்ளத்தான் அவன் வருகிறான். வாயைப் பிளக்க வருவதில்லை. இது எனக்கு இருபத்தைந்து வயதிலேயே தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பதினாறு, பதினேழு வருடம் இருக்கும். நின்று படிக்கும் அந்த நல்ல மனிதர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்தேன். தீபாவளி மலருக்கு, நம் மாவட்டத்திலேயே ஓர் அதிசயம் வேண்டும் என்றார் அப்போதைய ஆசிரியர். "வெளிநாட்டுக் கதையெல்லாம் எல்லாரும் போடறான். நம்ம ஊர்லயே ஒரு வெளிநாட்டக் கண்டுபுடிங்க" என்றார். எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புகைப்படக்காரர் சூசையும் நானும் அவருடைய பைக்கில் விடியற்காலையில் சித்தேரி மலை ஏறினோம். செல்போன் சிக்னல் மலை ஏறாத காலம். பாதையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். முதலில் கண்ணில் பட்டவர் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். பேச்சுக் கொடுப்பதற்காக, "மணி என்னாங்க ஆச்சு?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து எதிர் மலையைப் பார்த்தார்.

"வெயிலு அந்தப் பாறை மேல ஏறிடுச்சுங்க. பஸ்ஸு வர்ற நேரம்."

என் குறிப்பேட்டில் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டேன். இரண்டாவதை எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. வேண்டாம் என்று விட்டேன். கட்டுரை அந்த நொடியிலேயே என் தலைக்குள் முழுதாக வந்துவிட்டது. கடிகாரம் தேவைப்படாத ஊர். வெயிலைப் பார்த்து வாழும் மனிதர்கள். இனி அந்த மலையில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. தலைக்குள் இருந்த கட்டுரைக்குப் படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பெரியவர் கைகாட்டிய வீடு வெள்ளையம்மாவுடையது. புருஷன் இல்லை. கொல்லையில் சாமையும் ராகியும் போடுவாள், காட்டில் கடுக்காயும் புளியும் பொறுக்கி அரூருக்குக் கொண்டுபோய் விற்பாள். ஒரே மகள் கோகிலா, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அன்றே புரிந்தது. யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தவர்களின் பார்வை அது.

"சார், பஸ்ஸப் பத்தி எழுதுங்க சார்" என்றாள் வெள்ளையம்மா, நாங்கள் உட்காருவதற்கு முன்பே. "காத்தால பஸ்ஸு எட்டரைக்கு வருதுங்க. இவ எறங்கிப் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பத்தேகால் ஆயிடுது. அங்க ஒம்போதேகாலுக்கு மணி அடிச்சுடறாங்க. தெனமும் அரை நாள் லீவுன்னு போட்டுடறாங்க. இப்பிடியே போனா பரிச்சைக்கு உக்கார வெக்க மாட்டாங்களாம். ஏழு மணிக்கு வந்தாப் போதுங்க. ஆஸ்டல்லயும் எடமில்லன்னுட்டாங்க."

கோகிலா உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். அட்டையில் மழைத்துளி பட்டு மை கலைந்திருந்தது. ஒவ்வொரு நாளும் பஸ் எப்போது வந்தது, எப்போது கீழே போய்ச் சேர்ந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். முந்தைய வருடம் கார்த்திகையில் தொடங்கியது, ஒரு நாள் விடாமல்.

"இத வெச்சு எழுதுங்க சார். பொய்யின்னு சொல்ல முடியாதில்ல?"

"நல்லா எழுதியிருக்கிறியே" என்றேன். ஒரு பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை. "குடும்மா, ஆபீசுக்குக் கொண்டு போயிப் பாக்கறேன்."

இப்படிச் சொல்லி அவளிடம் இருந்த ஒரே சாட்சியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்குள் நுழைந்தோம். அடுப்புப் புகை படிந்த சுவர். நடுவில் வட்டமான சுவர்க் கடிகாரம். கோகிலா பிளஸ் ஒன் சேர்ந்தபோது, ஒரு சுமை புளியை விற்றுவிட்டு வெள்ளையம்மா அரூரில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தது. இதையும் அவளேதான் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். "இந்த ஊர்ல மொதல்ல கடியாரம் மாட்னது நாங்கதான் சார். இப்ப நாலு வூட்டுல இருக்குது."

கடிகாரம் இல்லாத ஊரைப் பற்றிய கட்டுரை என் தலைக்குள். என் முன்னால் கடிகாரம்.

இப்படி ஒரு தருணம் உங்கள் எல்லோருக்கும் வரும். அழுத்தத்தில் முடிவெடுப்பது என்றால் வெள்ளம், கலவரம், தேர்தல் என்று நினைத்துக்கொள்வீர்கள். இல்லை. யாரும் உங்களை விரட்டாத, அமைதியான ஒரு காலை நேரத்தில், ஒரு ஏழை வீட்டுச் சுவருக்கு முன்னால்தான் அது வரும். உங்களிடம் இருக்கும் கதைக்கும் எதிரே இருக்கும் பொருளுக்கும் சண்டை வரும். பொருள் ஜெயிக்க வேண்டும். நான் கதையை ஜெயிக்க விட்டேன்.

"சூசை, அதக் கழட்டிடுங்க" என்றேன்.

"ஏன் சார் கடியாரத்தக் கழட்டறீங்க?" என்றாள் கோகிலா.

"கண்ணாடியில வெளிச்சம் அடிக்குதும்மா. படம் கெட்டுடும்."

பொய். சூசைக்கும் தெரியும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழற்றினார். கேமராவைத் தூக்கியவர் இறக்கிவிட்டு, "சார், ஆணி தெரியுது. கடியாரம் இருந்த எடம் வேற வெள்ளையா ரவுண்டாத் தெரியுது" என்றார்.

"யார் பாக்கப் போறாங்க, எடுங்க."

கடிகாரத்தை வெள்ளையம்மா மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கோகிலா சுவரோரம் நின்றாள். சூசை எத்தனை முறை சொல்லியும் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர் வந்தபோது அந்தப் படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி: "காலத்தை மறந்த கண்கள்." அவள் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் மடியில் இருந்த கடிகாரத்தை. பஸ் வரும் நேரம் அது. எங்களால் அவளுக்குப் பஸ் தவறிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை ஓஹோ என்று போனது. 'வெள்ளந்தி' என்ற வார்த்தையை ஐந்து இடத்தில் போட்டிருந்தேன். அந்த வார்த்தையை உங்கள் வீடியோவிலும் கேட்டேன். ஒரு விஷயம் கேட்கிறேன்: உங்கள் அம்மாவை யாராவது வெள்ளந்தி என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா? தெரியாதவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டவன் எழுதும் வார்த்தை அது. பஸ் வரும் நேரத்தை ஒரு வருடமாக நிமிடக் கணக்கில் எழுதி வைத்த பெண்ணைப் பற்றி நான் எழுதிய வார்த்தை அது.

கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. எல்லாம் பாராட்டு. "நாமும் அப்படி வாழ மாட்டோமா" என்று பெருமூச்சு. ஒரே ஓர் அஞ்சலட்டை மட்டும் வேறு மாதிரி. நல்லம்பள்ளியிலிருந்து யாரோ எழுதியது. "ஐயா, இரண்டாம் படத்தில் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. ஆணிக்குக் கீழே புகை படியாத வட்டம் ஒன்றும் இருக்கிறது. அங்கே மாட்டியிருந்தது என்ன? அறிய ஆவல்." இவ்வளவுதான். திட்டவில்லை, குற்றம் சாட்டவில்லை. அறிய ஆவல்.

நீங்கள் தேடுகிறீர்களே ஆர்வமுள்ள வாசகர், அவர் இவர்தான். அந்தக் கட்டுரையை உண்மையிலேயே படித்தவர் இவர் ஒருவர்தான். அவர் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

எதையும் நின்றபடியே படிப்பார் என்றேனே, அந்த மூத்தவரைத் தருமபுரி ரயில் நிலையத்தில் ஒரு நாள் பார்த்தேன். "மலர் வந்துச்சு. படிச்சேன்" என்றார். பிறகு வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றார்.

கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை. மனு வாங்கும் கூட்டம் ஒன்றுக்கு வேறு ஒரு செய்திக்காகப் போயிருந்தேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று சொல்லப்போவதில்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. அவர் செய்த ஒரே தவறு நான் எழுதியதை நம்பியதுதான். வரிசையில் வெள்ளையம்மாவும் கோகிலாவும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். மனுவைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இந்த ஊரா? உங்களப் பத்திப் படிச்சேனே! கடிகாரமே பாக்காம நிம்மதியா இருக்கறவங்களாச்சே நீங்க. உங்களுக்கு எதுக்கும்மா எட்டரை பஸ்ஸு ஏழு மணிக்கு? நாங்கதான் மணியப் பாத்துப் பாத்துச் சாகறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அன்பான சிரிப்பு. அதற்குப் பதில் சொல்ல முடியாது. கெட்டதாக இருந்தாலாவது சண்டை போடலாம்.

வெள்ளையம்மா, "இல்லீங்க, எங்க வூட்டுல கடியாரம் இருக்குதுங்க" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே. மறுபடி சிரித்தார்கள். அப்போதுதான் கோகிலா என்னைப் பார்த்துவிட்டாள். பத்தடி தூரம் இருக்கும். அவள் கூப்பிடவில்லை. கை காட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால் போதும். "சார், அந்தக் கட்டுரை நான் எழுதினது. கடிகாரத்தக் கழட்டச் சொன்னதே நான்தான்." இரண்டு வாக்கியம். பக்கத்தில் வேறு பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள், "பாக்கறோம்மா" என்று மனுவை ஒரு கட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கட்டின் மேல் வைத்த மனு அங்கேயே இருந்துவிடும் என்பது அந்தக் கூடத்தில் என்னைத் தவிர யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்களைப் பிடித்தேன். வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள்தான் பேசினாள்.

"அந்த நோட்டாவது இருந்திருந்தா காட்டியிருக்கலாம் சார்."

"ஆபீஸ்ல இருக்குதும்மா. இப்பவே எடுத்துட்டு வர்றேன். இங்கயே இருங்க, மறுபடியும் உள்ள போயிப் பேசலாம்."

"சீக்கிரம் வாங்க சார். எங்களுக்குப் பஸ்ஸு இருக்குது."

அலுவலகத்தில் நோட்டை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மறுப்பு ஒன்று போடலாம் என்றேன். "நம்ம கதையப் பொய்யின்னு நாமளே போடறதா? யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். ஒருவர் கேட்டிருந்தார். அட்டையைக் கிழித்துவிட்டிருந்தேன். அப்புறம் இதழில் ஒரு பக்கம் நிரம்பவில்லை, எழுதிக் கொடுங்கள் என்று உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். திரும்பிப் போனபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மரத்தடியில் யாரும் இல்லை. மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் போய்விட்டார்கள். நேரம் தெரியாதவன் அந்தக் கதையில் ஒருவன்தான் இருந்தான்.

நோட்டைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நேரில் கொண்டுபோயிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். தைப் பொங்கல் கழித்து, வருகைக் குறைவால் கோகிலாவைப் பரீட்சைக்கு விடவில்லை என்று சூசைதான் வந்து சொன்னார். அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நர்சிங் படிக்க வேண்டும் என்று இருந்தவள் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். சில வருடம் கழித்து வேறு யாரோ போராடி ஏழு மணி பஸ் வந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

இனி உங்கள் வீடியோ. மூன்றாவது முறை பார்த்தபோது, பின்னணிப் பாட்டுக்கும் வானில் பறக்கும் கேமராவுக்கும் நடுவில், வெள்ளையம்மாவின் புது வீட்டுச் சுவர் (சூசைதான் அடையாளம் சொன்னார்) இரண்டு நொடி வருகிறது. காரை வீடு, பச்சை வண்ணம் அடித்த சுவர். நடுவில் எதுவும் மாட்டாத ஓர் ஆணி.

அன்றைக்குப் பெட்டியை இறக்கி அந்த நோட்டை எடுத்தேன். வெட்கக்கேட்டை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை வருடத்தில் அன்றுதான் முழுதாகப் படித்தேன். பஸ் வந்த நேரம் மட்டும் அதில் இல்லை. இன்னொரு கட்டம் இருந்தது: "சத்தம் கேட்டது." கீழ் வளைவில் பஸ் ஏறும்போது இன்ஜின் சத்தம் மேலே எப்போது கேட்டது என்று. பக்கத்தில் வெயில், மழை, பனி என்று குறித்திருந்தாள். மார்கழிப் பக்கம் ஒன்றில் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி. "பனி நாளில் சத்தம் சீக்கிரமே கேட்கிறது. ஆனால் பஸ் சீக்கிரம் வருவதில்லை. சத்தம் மட்டும் எப்படி முன்னால் வருகிறது?"

அதெப்படி?

பதினாறு வயதுப் பெண், மலை உச்சியில், ஆசிரியர் யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இயற்பியல் சொல்லித் தரும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். குளிர்ந்த காற்று அடியிலும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் இருக்கும் விடியலில், மேலே எழும்பிப் போகும் சத்தம் வளைந்து திரும்பி நெடுந்தூரம் கேட்கும் என்றார். பஸ் இன்னும் வெகு கீழே இருக்கும்போதே அவள் காதுக்கு வந்திருக்கிறது. இதைவிட ஆர்வமுள்ளவனைப் பிடித்து உட்கார வைக்கிற கதை வேறு எது? மலை இருக்கிறது, பனி இருக்கிறது, பஸ் இருக்கிறது, பரீட்சைக்கு ஓடும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அது என் பைக்குள்ளேயே இருந்தது. நான் வெயிலைப் பார்த்து வாழும் வெள்ளந்திகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலம் அறத்தை மட்டும்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன். கதையையும் கொன்றிருக்கிறேன்.

போன வாரம் அரூரில் தங்கி, விடிவதற்கு முன்னால் சூசையின் காரில் மலை ஏறினேன். மார்கழிப் பனி. விளக்கு வெளிச்சத்தில் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளையம்மா வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. சூசையை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள். அவர் தோளில் பழக்க தோஷத்தில் கேமரா தொங்கியது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பேப்பர் சாரு" என்றாள்.

"ஆமாம்மா."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய், என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"ம், படம் புடிங்க. கழட்டிட்டேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கேலி இல்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தால் செய்ய வேண்டிய வேலை அது, செய்துவிட்டாள். "போன மாசம் வந்த புள்ளைங்களும் இதத்தான் சொன்னாங்க" என்றாள். "செல்லையும் உள்ள வெச்சுடச் சொன்னாங்க."

சூசை வெளியே போய்விட்டார்.

நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது என்னவென்று தெரிந்தது. செல்லை எடுத்து அழுத்தி, சத்தமாக வைத்துத் தரையில் வைத்தாள். எங்கேயோ கீழே, பனிக்குள்ளிருந்து, இன்ஜின் சத்தம் மெல்லக் கேட்கத் தொடங்கியிருந்தது.

"கோகிலா, அந்தப் பேப்பர் சாரு வந்துருக்கறாரு. உன் நோட்டக் கொண்டாந்துருக்கறாரு."

"இப்ப எதுக்கு?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கண்ணாடி வெளிச்சம் பொய் என்பதை, கூட்டத்தில் வாய் திறக்காததை, நோட்டைப் படிக்காததை. கடைசியில் அவள் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொன்னேன். குளிர்க் காற்று, வளைந்து வரும் சத்தம்.

"அது எனக்கு அந்த வருசமே தெரியும் சார். பிசிக்ஸ் மிஸ்கிட்டக் கேட்டேன்" என்றாள். "இப்ப அங்க பனியா?"

"ஆமாம்மா, நல்ல பனி."

"பஸ்ஸு சத்தம் கேட்டுச்சா?"

"கேக்குது. இப்பத்தான்."

"எத்தன மணிக்குக் கேட்டுச்சு?"

என் கையில் கடிகாரம் இல்லை. சுவரைப் பார்த்தேன். ஆணி இருந்தது.

"பாக்கலம்மா."

"ஏன் சார், வூட்டுலதான் கடியாரம் இருக்குதே?"

"உங்கம்மா மடியில இருக்குது."

போனில், அவளுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்பவும் கழட்டினீங்களா?" என்றாள்.

இந்த முறை நான் கழற்றச் சொல்லவில்லை. அது வாய் வரை வந்துவிட்டது. வெள்ளையம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.